ஓப்ரா வின்ஃப்ரேயின் செல்வம் எங்கிருந்து வந்தது?

ஓப்ரா வின்ஃப்ரே வறுமையில் பிறந்து பெருஞ்செல்வரானவர் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் பணம் எந்த வழியாக அவரிடம் வந்து சேர்ந்தது என்று கேட்டால், திறமை, உழைப்பு, அதிர்ஷ்டம் என்ற மூன்று சொற்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. திறமையும் உழைப்பும் உள்ள தொகுப்பாளர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏராளமாக இருந்தார்கள். நல்ல சம்பளமும் வாங்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எட்டாத உயரத்தை இவர் எட்டியதற்குக் காரணம், அவர் தம் நிகழ்ச்சிக்குத் தாமே உரிமையாளர் ஆனதுதான். தொழிலைப் பற்றியோ பங்குச் சந்தையைப் பற்றியோ முன்னறிவு இல்லாதவரும் அந்த உரிமை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு வயலிலிருந்து மூன்று விதமாக வருமானம் பெறலாம். நாற்று நடுபவருக்கு அன்றன்று கூலி கிடைக்கும். விளைச்சல் அமோகமாக இருந்தாலும் அவர் கூலி உயராது, பொய்த்தாலும் நட்ட நாளுக்கான கூலி குறையாது. வாரத்துக்குப் பயிரிடுபவருக்கு விளைந்ததில் ஒரு பங்கு உண்டு; மழை பெய்தால் அவருக்கும் லாபம், பொய்த்தால் அவருக்கும் நட்டம். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு விளைச்சலின் பலனோடு நிலத்தின் விலை ஏற்றமும் சேர்கிறது. அடுத்த போகத்தில் நெல்லா கரும்பா என்பதையும் அவரே முடிவு செய்கிறார். தொலைக்காட்சியிலும் இந்த மூன்று நிலைகள் உண்டு. சம்பளத்துக்குப் பேசும் தொகுப்பாளர் முதல் நிலையிலும், நிகழ்ச்சியின் வருவாயில் பங்கு பெறுபவர் இரண்டாம் நிலையிலும், நிகழ்ச்சியையே சொந்தமாக வைத்திருப்பவர் மூன்றாம் நிலையிலும் இருக்கிறார்கள். ஓப்ராவின் வாழ்க்கையில் இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அவர் 1954 ஜனவரி 29 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் கோசியஸ்கோ என்ற சிற்றூரில் பிறந்தார். விவிலியத்தின் ரூத்து நூலில் வரும் ஓர்பா என்ற பெயரையே அவருக்கு வைத்தார்கள்; ஊரார் வாயில் அது ஓப்ரா ஆகிவிட்டது. ஆறு வயது வரை பாட்டியின் பண்ணை வீட்டிலும், பின்னர் மில்வாக்கி நகரில் தாயிடமும், பதின்பருவத்தில் நாஷ்வில் நகரில் முடிதிருத்தகம் நடத்திவந்த தந்தை வெர்னன் வின்ஃப்ரேயிடமும் வளர்ந்தார். பள்ளியில் படிக்கும்போதே உள்ளூர் வானொலியில் செய்தி வாசித்தார். பேச்சுப் போட்டியில் வென்ற உதவித்தொகையைக் கொண்டு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த நகரத் தொலைக்காட்சியிலும் செய்தி வாசிப்பாளர் ஆனார். கறுப்பினப் பெண் ஒருவர் தென்மாநிலத் திரையில் செய்தி வாசிப்பது எளிதில் நடக்காத காலம் அது.

1976-இல் பால்டிமோர் நகரின் நிலையமொன்று அவரை மாலைச் செய்தியின் இணை வாசிப்பாளராக அழைத்துக்கொண்டது. ஓராண்டு முடிவதற்குள் அந்த இருக்கையிலிருந்து இறக்கிவிட்டது. துயரச் செய்திகளை வாசிக்கும்போது கலங்கிவிடும் இயல்பு செய்தியறைக்கு ஒத்துவரவில்லை. 1978-இல் காலை நேர உரையாடல் நிகழ்ச்சி ஒன்றில் அவரை அமர்த்தியபோது, செய்தியறையில் குறையாகப் பட்ட அந்த இயல்பே அங்கே பலமாக மாறியது. கூலி நிலையின் இயல்பை இந்தப் பால்டிமோர் அனுபவத்தில் தெளிவாகப் பார்க்கலாம்: இருக்கை நிலையத்துடையது, அதில் யார் அமர வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பதை நிலையமே முடிவு செய்யும்.

1984 ஜனவரியில் அவர் சிகாகோ சென்று, பார்வையாளர் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்த 'ஏ.எம். சிகாகோ' என்ற அரைமணி நேரக் காலை நிகழ்ச்சியை ஏற்றார். ஃபில் டோனஹியூ, அத்தகைய உரையாடல் நிகழ்ச்சிகளுக்கு நாடு முழுவதும் வழிகாட்டியவர், அப்போது அதே நகரில் இருந்துதான் நிகழ்ச்சி நடத்திவந்தார். சில மாதங்களுக்குள் சிகாகோவில் ஓப்ராவின் நிகழ்ச்சி டோனஹியூவை முந்தியது. 1985-இல் அது ஒரு மணி நேரமாக விரிந்து அவர் பெயரையே தாங்கியது. ஆயினும் பெயர் அவருடையதாக இருந்ததே தவிர, நிகழ்ச்சி நிலையத்தின் சொத்தாகவே இருந்தது.

இனி வருவது சிண்டிகேஷன் என்ற விநியோக முறை. இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை முழுவதும் எளிதாகிவிடும். தமிழ்த் திரைப்படத்தைத் தயாரிப்பாளர் ஏரியா ஏரியாவாகப் பிரித்து, மதுரைக்கு ஒருவர், கோவைக்கு ஒருவர் என்று விநியோகஸ்தர்களுக்கு விற்பதை நாம் அறிவோம். அமெரிக்காவின் தொலைக்காட்சி நிலையங்கள் நகரத்துக்கு நகரம் தனித்தனியாக இயங்குபவை. பெரிய வலைப்பின்னல் நிறுவனங்கள் அவற்றுக்குச் சில மணி நேர நிகழ்ச்சிகளை வழங்கும். எஞ்சிய நேரத்தை நிரப்ப ஒவ்வொரு நிலையமும் வெளியிலிருந்து நிகழ்ச்சி வாங்க வேண்டும். அப்படி ஒரே நிகழ்ச்சியை நகர் நகராக நிலையங்களுக்கு விற்பதுதான் சிண்டிகேஷன். வாங்கும் நிலையம் தன் நகரத்தின் அளவுக்கும் போட்டிக்கும் ஏற்ப உரிமத் தொகை செலுத்தும். அதோடு நிகழ்ச்சிக்குள் வரும் விளம்பர நிமிடங்களில் ஒரு பகுதியை விநியோக நிறுவனமே வைத்துக்கொண்டு நாடளாவிய விளம்பரதாரர்களுக்கு விற்பதும் வழக்கம். விநியோக நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் எஞ்சுவது தயாரிப்புத் தரப்புக்கு வரும்.

ஒரு நிலையம் ஏன் இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறது? பல நகரங்களில் ஓப்ராவின் நிகழ்ச்சி மாலை 4 மணிக்கு ஒளிபரப்பானது. 5 மணிக்கு உள்ளூர்ச் செய்தி. செய்தி நேரத்து விளம்பரம்தான் உள்ளூர் நிலையங்களின் முக்கிய வருமானம். 4 மணிக்கு ஓப்ராவைப் பார்க்க உட்காருபவர்களில் கணிசமானோர் அலைவரிசையை மாற்றாமல் செய்தியையும் பார்ப்பார்கள் என்பதால், அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு அதில் வரும் விளம்பரத்தோடு முடிந்துவிடவில்லை. அவரை இழக்கும் நிலையம் போட்டி நிலையத்திடம் தன் செய்திக்கான பார்வையாளர்களையும் சேர்த்து இழக்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் விலையை உயர்த்திக் கேட்கும் வலிமை விற்கும் தரப்புக்கு இப்படித்தான் கிடைத்தது.

இந்த முறையை ஓப்ராவுக்கு விளக்கியவர் யார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. திரைப்பட விமர்சகர் ராஜர் ஈபர்ட் அப்போது ஜீன் சிஸ்கலோடு சேர்ந்து சிண்டிகேஷன் வழியாக வாராந்திர விமர்சன நிகழ்ச்சி நடத்திவந்தார். நிலையங்களின் வலைப்பின்னலோடு போவதா, கிங் வேர்ல்ட் என்ற விநியோக நிறுவனத்தோடு போவதா என்று ஓப்ரா தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஓர் உணவகத்தில் ஈபர்ட் ஒரு காகிதத் துண்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் வரியில் தம் ஆண்டு வருமானத்தை எழுதினார். சிஸ்கலும் அதே அளவு வாங்குவதால் அதை இரண்டால் பெருக்கினார். ஓப்ராவின் நிகழ்ச்சி அரைமணி அல்ல, ஒரு மணி நேரம் என்பதால் மீண்டும் இரண்டால். வாரத்துக்கு ஒரு நாள் அல்ல, ஐந்து நாள் என்பதால் ஐந்தால். பார்வையாளர்கள் குறைந்தது இரு மடங்காவது இருப்பார்கள் என்பதால் இன்னொரு இரண்டால். மொத்தம் நாற்பது மடங்கு. அதைப் பார்த்த சில நொடிகளில் ஓப்ரா கிங் வேர்ல்டைத் தேர்ந்தெடுத்தார் என்று ஈபர்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கில் புகழ், திறமை என்ற சொற்களே இல்லை. ஆள், நேரம், நாள், பார்வையாளர் என்ற நான்குமே பெருக்கப்படுகின்றன. ஊடகத் தொழிலின் அடிப்படைக் கணக்கை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. அபாயமும் அதே அளவு பெரிதாக இருந்தது. சிண்டிகேஷனில் தோற்ற நிகழ்ச்சி சில மாதங்களிலேயே திரையிலிருந்து மறைந்துவிடும்.

1986 செப்டம்பர் 8 அன்று 'தி ஓப்ரா வின்ஃப்ரே ஷோ' நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. கூலி நிலையிலிருந்து பங்கு நிலைக்கு அவர் மாறிய நாளாக அதைக் கொள்ளலாம். அதே ஆண்டில் ஹார்ப்போ என்ற தயாரிப்பு நிறுவனத்தையும் தொடங்கினார். ஓப்ரா என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கினால் கிடைப்பது அந்தப் பெயர். அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்றுத்தந்த 'தி கலர் பர்ப்பிள்' படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் கணவர் பெயரும் அதுவே. 1985-இல் அந்தப் படப்பிடிப்புக்குப் போக நிலையத்திடம் விடுப்புக்காகப் பேரம் பேச வேண்டியிருந்ததை அவர் மறக்கவில்லை. தம் நாள்கள் பிறர் கையில் இருப்பதன் வலியை அவர் அங்கேதான் முழுமையாக உணர்ந்தார் என்றே நான் கருதுகிறேன். அவருடைய வழக்கறிஞரும் பின்னர் ஹார்ப்போவின் தலைமைப் பொறுப்பை ஏற்றவருமான ஜெஃப்ரி ஜேக்கப்ஸ், சம்பளத்தை உயர்த்திக் கேட்பதைவிட உரிமையைக் கேட்பதே மேல் என்ற வழியில் அவரை நடத்தினார்.

1988-இல் நிகழ்ச்சியின் உரிமையும் தயாரிப்புப் பொறுப்பும் சிகாகோ நிலையத்தின் உரிமையாளரான கேப்பிட்டல் சிட்டீஸ்–ஏ.பி.சி. நிறுவனத்திடமிருந்து ஹார்ப்போவுக்கு மாறின. ஏ.பி.சி. தன் நிலையங்களில் நிகழ்ச்சியைத் தொடர்ந்து ஒளிபரப்பவும் ஒப்புக்கொண்டது. பட்டா மாறிய ஆண்டு இதுதான். அவர் பொருளாதார வாழ்க்கையில் 1986-ஐவிட முக்கியமான ஆண்டு என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை நிகழ்ச்சி நடத்தச் செலவு செய்தது நிலையம். எனவே ஓப்ராவின் பங்கு போக மிச்சம் நிலையத்துடையது. இனி ஊழியர் சம்பளம், அரங்கம், விருந்தினர் பயணம் அனைத்தும் ஹார்ப்போவின் செலவு. உரிமத் தொகையிலும் விளம்பரத்திலும் வந்து, செலவு போக எஞ்சுவதும் ஹார்ப்போவுடையது. எதைப் பேசுவது, எதைத் தவிர்ப்பது என்ற முடிவும் அதனோடு சேர்ந்து வந்தது. அதே காலத்தில் சிகாகோவின் மேற்குப் பகுதியில் ஒரு படப்பிடிப்பு வளாகத்தையும் வாங்கினார். மேரி பிக்ஃபோர்டு, லூசில் பால் ஆகியோருக்குப் பிறகு சொந்த ஸ்டூடியோ வைத்திருந்த மூன்றாவது அமெரிக்கப் பெண் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். கறுப்பினப் பெண்களில் அவரே முதலாமவர்.

உரிமையாளருக்கு லாபத்தோடு வழக்கும் வந்து சேரும். 1996-இல் மாட்டிறைச்சி வழியாகப் பரவும் நோயைப் பற்றிய ஓர் அத்தியாயத்தில், இனி தாம் ஹாம்பர்கர் உண்ணப்போவதில்லை என்ற பொருளில் ஓப்ரா சொன்ன வார்த்தைக்காக, டெக்சாஸ் கால்நடை வணிகர்கள் அவர்மீதும் ஹார்ப்போமீதும் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார்கள். 1998-இல் விசாரணை நடந்த வாரங்களில் அவர் தம் நிகழ்ச்சியையே வழக்கு நடந்த அமரில்லோ நகருக்குக் கொண்டுபோய் நடத்தினார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. சம்பளத் தொகுப்பாளராக இருந்திருந்தால் வழக்கின் பெரும்பாரத்தை நிலையம் சுமந்திருக்கும்.

அந்த வழக்கு நடந்ததற்கே காரணம், அவர் வார்த்தைக்குச் சந்தையில் இருந்த எடை. சிறுவயதில் தமக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையைத் திரையில் வெளிப்படையாகச் சொன்ன பெண்மணியை, பார்வையாளர்கள் விளம்பர முகமாகப் பார்க்கவில்லை. நம்பத்தக்க ஒருவராகப் பார்த்தார்கள். 1996 செப்டம்பரில் அவர் தொடங்கிய புத்தகக் குழுவில் தேர்வான நூல்கள் லட்சக்கணக்கில் விற்றன. 1952-இல் வெளிவந்த ஜான் ஸ்டைன்பெக்கின் ஒரு நாவல், 2003-இல் அவர் தேர்ந்தெடுத்ததால் மீண்டும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு வந்தது. அந்தத் தேர்வுக்காகப் பதிப்பகங்களிடம் அவர் பங்கு கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரிந்துரையின் மதிப்பு அன்றே குறைந்திருக்கும். அதே நம்பிக்கை வேறு இடங்களில் வருமானமாக மாறியது: 2000-இல் ஹெர்ஸ்ட் நிறுவனத்தோடு இணைந்து தொடங்கிய 'ஓ' மாத இதழ், 2002-இல் தொடங்கிய டாக்டர் ஃபில், 2006-இல் ரேச்சல் ரே, 2009-இல் டாக்டர் ஆஸ் ஆகியோரின் நிகழ்ச்சிகள் எல்லாம் அவருடைய அரங்கில் அறிமுகமான முகங்களிலிருந்தோ அவருடைய பெயரிலிருந்தோ முளைத்தவை.

2004-இல் அரங்கத்தில் இருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு பான்டியாக் கார் கிடைத்த நிகழ்வைப் பலர் அவருடைய வள்ளன்மையாகவே நினைக்கிறார்கள். கார்களைக் கொடுத்தது அவற்றைத் தயாரித்த நிறுவனம். புதிய மாடலுக்கு அதற்கு ஈடான விளம்பரம் கிடைக்காது என்பதே அதன் கணக்கு. பரிசைப் பெற்றவர்கள் அதற்கு வருமான வரி கட்ட வேண்டியிருந்தது. அந்த மேடைக்கு ஒரு தொழிற்சாலை தந்த விலை எவ்வளவு என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது.

உடைமைக்கு இன்னொரு வடிவம் உண்டு. கிங் வேர்ல்டோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோதெல்லாம் அவருடைய தரப்பு பணத்தோடு அந்நிறுவனத்தின் பங்குகளைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையையும் கேட்டுப் பெற்றது. கிங் வேர்ல்டின் வருவாயில் பெரும்பகுதி அவருடைய நிகழ்ச்சியிலிருந்து வந்ததால், தம் உழைப்பால் உயரும் நிறுவனத்தின் மதிப்பிலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. 1999-இல் அந்த நிறுவனத்தைச் சுமார் 250 கோடி டாலர் மதிப்பில் வாங்க சி.பி.எஸ். என்ற தொலைக்காட்சி நிறுவனம் ஒப்பந்தம் செய்தபோது அந்த உரிமையின் பலன் தெரிந்தது. 2003-இல் ஃபோர்ப்ஸ் இதழ் அவரை நூறு கோடி டாலர் சொத்து மதிப்பைக் கடந்த முதல் கறுப்பினப் பெண்ணாகப் பட்டியலிட்டது.

சொத்து மதிப்பு என்பதை வங்கியில் கிடக்கும் பணம் என்று எண்ணிவிடக் கூடாது. சந்தையில் விற்கப்படும் பங்குகளுக்கு அன்றைய விலை. ஹார்ப்போ போன்ற தனியார் நிறுவனத்துக்கு அதைப் போன்ற பிற நிறுவனங்கள் விலைபோன அளவை வைத்து ஒரு மதிப்பீடு. கலிபோர்னியாவின் மான்டிசீட்டோ வீட்டுக்கும் ஹவாயின் மாவி தீவு நிலத்துக்கும் சந்தை விலை. இவற்றைக் கூட்டிக் கடனைக் கழித்தால் வருவதே அந்த எண். அது ஏறும், இறங்கும்.

இறங்கியதற்கும் அவர் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. 25 பருவங்களில் 4,561 அத்தியாயங்களுக்குப் பின் 2011 மே 25 அன்று அவருடைய நிகழ்ச்சி நிறைவுற்றது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று, டிஸ்கவரி நிறுவனத்தோடு பாதிக்குப் பாதி என்ற கூட்டில் ஓ.டபிள்யூ.என். (ஓப்ரா வின்ஃப்ரே நெட்வொர்க்) என்ற சொந்த அலைவரிசை தொடங்கியிருந்தது. ஒரு மணி நேரத்தை நிரப்புவதற்கும் நாள் முழுவதையும் நிரப்புவதற்கும் இடையிலுள்ள தூரம் அப்போது தெரிந்தது. முதல் ஆண்டுகளில் பார்வையாளர் எண்ணிக்கை எதிர்பார்ப்பை எட்டவில்லை. 2012-இல் ஊழியர் குறைப்பும் நடந்தது. இயக்குநர் டைலர் பெரியின் நாடகத் தொடர்கள் வந்த பிறகே அலைவரிசை நிலைபெற்றது. 2017-இல் டிஸ்கவரி அவரிடமிருந்து 24.5 விழுக்காட்டுப் பங்கை 7 கோடி டாலருக்கு வாங்கியது. 7 கோடியை 0.245-ஆல் வகுத்தால் முழு அலைவரிசைக்கும் ஏறத்தாழ 28.6 கோடி டாலர் மதிப்பு வருகிறது. 2020-இல் மேலும் 20.5 விழுக்காட்டைச் சுமார் 3.6 கோடி டாலர் மதிப்புள்ள டிஸ்கவரி பங்குகளுக்கு ஈடாகக் கொடுத்தார். அதே முறையில் கணக்கிட்டால் முழு மதிப்பு 17.6 கோடிக்குத் தாழ்ந்திருக்கிறது. மக்கள் கேபிள் இணைப்பைத் துண்டித்து இணையத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. சிகாகோ வளாகத்தையும் அவர் 2014-இல் விற்றார். அது இடிக்கப்பட்டு, இன்று அங்கே மெக்டொனால்ட்ஸ் தலைமையகம் நிற்கிறது.

நிகழ்ச்சி இல்லாத காலத்திலும் பெயரின் மதிப்பு எப்படி உடைமையாக மாறியது என்பதற்கு 2015 அக்டோபர் நல்ல எடுத்துக்காட்டு. எடைக் குறைப்புத் திட்டங்கள் நடத்தும் வெயிட் வாச்சர்ஸ் நிறுவனத்தின் விலை சரிந்திருந்த நேரத்தில், பங்கு ஒன்றுக்கு 6.79 டாலர் வீதம் சுமார் 64 லட்சம் பங்குகளை, அதாவது ஏறத்தாழ பத்து விழுக்காட்டை, 4.3 கோடி டாலருக்கு வாங்கி, அதன் இயக்குநர் குழுவிலும் சேர்ந்தார். செய்தி வெளியான நாளிலேயே பங்கின் விலை இரு மடங்கைத் தாண்டியது. விளம்பரத் தூதராக இருக்கக் கூலி வாங்கியிருந்தால், ஒப்பந்தத் தொகை மட்டுமே அவருக்குக் கிடைத்திருக்கும். பங்கை வாங்கிவிட்டுப் பேசியதால், தம் பேச்சு உயர்த்திய விலை தமக்கே வந்தது. 1988-இல் கற்ற பாடத்தை அவர் இங்கே இன்னொருவர் நிறுவனத்தில் செய்துகாட்டினார் என்று சொல்லலாம்.

பின்னாளில் அந்தப் பங்கின் விலை ஏறி, மிகக் கீழே இறங்கியது. எடை குறைக்கும் புதிய மருந்தைத் தாம் பயன்படுத்துவதை வெளிப்படையாகச் சொன்ன பிறகு, 2024-இல் ஓப்ரா இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். தம்மிடம் எஞ்சியிருந்த பங்குகளை வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். 2018-இல் அவருடைய நிகழ்ச்சியையும் அது அமெரிக்க வாழ்வில் விட்டுச் சென்ற தாக்கத்தையும் பற்றிய தனிக் கண்காட்சியை அமைத்தது அந்த அருங்காட்சியகம்தான்.